குறி ஒன்று, பொருள் வேறு: நாடுதோறும் மாறும் கணக்கெழுத்தும் நம் மாணவரும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபில் வந்தவர்கள் நாம். கணிதம் உலகப் பொதுமொழி என்று மேடைதோறும் கூறியும் கேட்டும் வருகிறோம். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மை இல்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்தால் ஐந்து என்பது எந்நாட்டிற்கும் பொது. அவ்வைந்தை எவ்வாறு எழுதுவது, எத்திசையில் எழுதுவது, எக்குறியால் பிரிப்பது என்பன நாட்டிற்கு நாடு வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால் நம் மாணவர்க்கு நேரும் இடர்ப்பாடுகளையும், அவற்றைக் களையும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

1.250 என்னும் எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மாணவர் இதனை ஒன்றேகால் என்பர். குவைத்தில் பணிபுரிவோரும் ஒரு தினார் 250 பில்ஸ், அதாவது ஒன்றேகால் தினார் என்றே படிப்பர். அங்கு ஒரு தினாருக்கு 1000 பில்ஸ் ஆதலால் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்கள் வருகின்றன. ஓமான் நாட்டு ரியாலுக்கும் 1000 பைசா என்பதால் அங்கும் இதே முறை. ஆனால் செருமானியர் ஒருவர் இதே எழுத்தை ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்று படிப்பார். அவர் நாட்டில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும், பின்னத்தைப் பிரிக்கக் காற்புள்ளியும் இடுவர். ஒரே எழுத்து; பொருளிலோ ஆயிரம் மடங்கு வேறுபாடு.

மயிலாடியின் கற்பட்டறைகள்

குமரி மாவட்டத்து மயிலாடி கற்சிற்பத்திற்குப் பெயர் பெற்ற ஊர். உளியோசை ஓயாத அவ்வூரின் பட்டறைகளை இவ்விடத்தில் நினைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். ஐரோப்பிய நாட்டார் ஒருவர் ஒரு கற்பலகைக்கு எழுதி அனுப்பும் மடலில் 1,25 மீட்டர் என்று குறிப்பதாகக் கொள்வோம். அவர் கருதியது ஒன்றேகால் மீட்டர். காற்புள்ளி அங்கே பின்னக்குறி என்று அறியாதவர் நூற்று இருபத்தைந்து என்று மயங்கக்கூடும். நூற்று இருபத்தைந்து மீட்டர்ப் பலகை இருக்க முடியாது என்பதால் இம்மயக்கம் உடனே தெளியும். ஆனால் வரைபட முறையில் நேரும் மயக்கம் அவ்வளவு எளிதில் தெளியாது.

பொருளின் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் ஆகியவற்றைத் தாளில் அமைப்பதில் இரு முறைகள் உள்ளன. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பெரிதும் வழங்குவது முதற்கோண முறை. அமெரிக்காவில் வழங்குவது மூன்றாங்கோண முறை. முதற்கோண முறையில் மேல்தோற்றம் முன்தோற்றத்தின் கீழே வரையப்படும். இடப்பக்கத் தோற்றம் வலப்புறம் இடம்பெறும். மூன்றாங்கோண முறையில் மேல்தோற்றம் மேலேயும் இடப்பக்கத் தோற்றம் இடப்புறத்திலும் அமையும். எம்முறை என்பதைக் காட்டும் சிறு குறி வரைபடத்தின் மூலையில் இருக்கும். அதனைப் பாராது உளியை வைப்பவர் இடப்பக்கத்து வேலைப்பாட்டை வலப்பக்கத்தில் செதுக்கிவிடக்கூடும். தாளில் எழுதிய பிழையை அழித்துவிடலாம். செதுக்கிய கல்லை மீண்டும் ஒட்ட இயலாது.

சக்கரமும் அணாவும்

இத்தகைய மயக்கம் நாஞ்சில் நாட்டிற்குப் புதியதன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தமிழகத்துடன் இணையும் வரையில் இப்பகுதி முதலில் திருவிதாங்கூர் அரசிலும், 1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது என்பதை நம் பெரியோர் நன்கறிவர். திருவிதாங்கூர் நாணய முறையில் 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு ரூபாய். ஆரல்வாய்மொழியைக் கடந்து திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றால் 12 பை ஓர் அணா. 16 அணா ஒரு ரூபாய். இரு ரூபாய்களும் சமமல்ல. பிரித்தானிய ரூபாய் ஒன்றிற்கு 28½ சக்கரம் என்பது கணக்கு. அதன்படி ஓர் அணாவின் மதிப்பு 28½ காசு ஆகிறது.

கணக்குப் புத்தகத்தில் 3-5-8 என்று எழுதியிருப்பதாகக் கொள்வோம். எல்லைக்கு அப்பால் இது 3 ரூபாய் 5 அணா 8 பை. எல்லைக்கு இப்பால் இதனையே 3 ரூபாய் 5 சக்கரம் 8 காசு என்று படிக்கலாம். முன்னதன் மதிப்பு 1529½ காசு. பின்னதன் மதிப்பு 1432 காசு. இடையில் 6 சக்கரமும் ஒன்றரைக் காசும் வேறுபடுகின்றன. அந்நாளில் நாகர்கோயிலுக்கும் திருநெல்வேலிக்கும் இடையே வணிகம் செய்தோர், தொகையைக் கேட்கும் முன்பே எந்த ரூபாய் என்று கேட்க வேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 100 நயா பைசா என்னும் முறை வந்தபோது, பதினாறின் மடங்கில் கணக்குப் பயின்ற தலைமுறை பத்தின் மடங்கிற்கு மாற வேண்டியதாயிற்று.

பழந்தமிழ் எண்கள்

பதினாறில் ஒன்றாகிய வீசம் அல்லது மாகாணி, இருபதில் ஒன்றாகிய மா, எண்பதில் ஒன்றாகிய காணி, முந்நூற்றிருபதில் ஒன்றாகிய முந்திரி ஆகியவற்றைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி வழி மனப்பாடம் செய்தனர். இப்பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறிகள் இருந்தன. முழு எண்களை எழுதும் முறையும் வேறு. பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றுக்கு ௰, ௱, ௲ என்னும் குறிகள் உண்டு. சுழியம் இல்லாமலே எழுதினர். 1956 என்பதனைப் பழைய முறையில் எழுதினால் ௲௯௱௫௰௬ ஆகும். ஆயிரம், ஒன்பது நூறு, ஐம்பது, ஆறு என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதும் முறை இது. மலையாளத்திலும் இவ்வகைக் குறிகள் வழங்கின.

இன்றைய மாணவர் ௧ என்பதைக் ககரமென்றும், ௭ என்பதை எகரமென்றும், ௮ என்பதை அகரமென்றும் படித்துவிடுகின்றனர். பழைய பத்திரங்களையும் கல்வெட்டுகளையும் ஆராயப் புகும் தமிழ் மாணவர்க்கு இது முதல் தடை. கணிப்பொறி உலகின் ஒருங்குறியில் தமிழுக்கெனச் சுழியம் 2005ஆம் ஆண்டிலும், மரபுப் பின்னக் குறிகள் 2019ஆம் ஆண்டிலும்தான் இடம்பெற்றன. நம் முன்னோர் எழுத்தே நமக்கு அயல்நாட்டு எழுத்தாகிவிட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

மதரசாவிலும் பள்ளியிலும்

நம் சமுதாயத்துப் பிள்ளைகள் இளமையிலேயே இருவகை எண்களைக் காண்கின்றனர். விடியலில் மதரசாவில் திருக்குர்ஆனைத் திறந்தால் வசனங்களின் இறுதியில் அரபு வடிவ எண்கள் உள்ளன. பத்து மணிக்குப் பள்ளிக்குச் சென்றால் 1, 2, 3 என்னும் வடிவங்கள். அரபு வடிவத்தில் சுழியம் ஒரு புள்ளி. ஐந்து ஒரு சிறு வளையம். அதாவது அங்கே ஐந்தாக இருப்பது இங்கே சுழியமாகத் தோன்றுகிறது. அங்கே ஆறாக இருப்பது நம் ஏழைப் போன்று காட்சியளிக்கிறது. வளைகுடா நாடுகளுக்குப் புதிதாகச் செல்வோர் பணத்தாளிலும் வண்டி எண்ணிலும் இவ்வெண்களைக் கண்டு தடுமாறுவதுண்டு. மதரசாவில் கவனமாக ஓதியவர்க்கு அத்தடுமாற்றம் இல்லை.

அரபு மொழியில் இருபத்தைந்தைச் சொல்லும்போது ஐந்தும் இருபதும் என்று ஒன்றாம் இலக்கத்தை முன்னர்ச் சொல்வர். செருமன் மொழியிலும் அவ்வாறே. தமிழில் இருபதை முன்னர்ச் சொல்கிறோம். ஆகவே, இரு மொழிகளில் கணக்குப் பயிலும் குழந்தை காதால் கேட்டு எழுதும்போது 25ஐ 52 என்று மாற்றி எழுதினால், அது கணித அறியாமையன்று. மொழியின் ஒழுங்கு மாறியதன் விளைவே.

அரபு நாடுகளிலும் ஒரே முறை இல்லை. மொரோக்கோ, அல்ஜீரியா, துனீசியா ஆகியவற்றில் நாம் எழுதும் வடிவ எண்களே வழங்குகின்றன. எகிப்து முதலிய கிழக்கு நாடுகளின் பள்ளி நூல்களில் சமன்பாட்டை வலமிருந்து இடமாக எழுதும் வழக்கம் உண்டு. நாம் எக்ஸ், ஒய் என்று எழுதும் இடங்களில் சீன், ஸாத் என்னும் எழுத்துகளை இடுவர். பத்திலிருந்து மூன்றைக் கழிக்கும் கணக்கை அவ்வாறு எழுதினால், இடமிருந்து வலமாகப் படிக்கும் நம் கண்ணுக்கு அது மூன்றிலிருந்து பத்தைக் கழிப்பதாகத் தோன்றும். விடை 7 என்பதற்கு மாறாக -7 ஆகிவிடும்.

இவ்வெண்களின் வரலாற்றில் ஓர் அழகிய உண்மை உள்ளது. நாம் எழுதும் எண்களை ஐரோப்பியர் அரபு எண்கள் என்றழைத்தனர். அரபியரோ தாம் எழுதும் எண்களை அர்காம் ஹிந்திய்யா, அதாவது இந்திய எண்கள் என்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி நூல் செய்தார். அது இன்று இலத்தீன் மொழிபெயர்ப்பாகவே கிடைக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் திமிஷ்கில் அல் உக்லிதிசி பதின்பின்னங்களைக் கையாண்டு, அவற்றைப் பிரிக்கச் சிறு கோடு ஒன்றை இட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேற்கு அரபு நாட்டைச் சார்ந்த அல் ஹஸ்ஸார் பின்னத்தின் மேலெண்ணுக்கும் கீழெண்ணுக்கும் இடையே கிடைக்கோடு இட்டு எழுதினார். இன்று உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் இடும் கோடு அதுவே. குறிகள் நாடு விட்டு நாடு பயணம் செய்தவை, பயணத்தில் உருமாறியவை. ஆகவே, ஒரு நாட்டாரின் குறி சரி, மற்றவர் குறி பிழை என்று கூறுவதற்கில்லை.

புள்ளியும் காற்புள்ளியும்

நாம் 12,34,567 என்று எழுதுவதைப் பிற நாட்டார் 1,234,567 என்று எழுதுவர். நமக்கு இலட்சமும் கோடியும். அவர்க்கு மில்லியனும் பில்லியனும். பில்லியன் என்னும் சொல்லும் ஒரே பொருளுடையதன்று. அமெரிக்கருக்கும் இன்றைய ஆங்கிலேயருக்கும் அது 100 கோடி. செருமன் மொழியில் அதே சொல் இலட்சம் கோடியைக் குறிக்கும். இக்குழப்பம் கருதியே எடை, அளவைகளுக்கான பன்னாட்டுப் பொதுமாநாடு 2003ஆம் ஆண்டில், பின்னக்குறியாகப் புள்ளியையோ காற்புள்ளியையோ இடலாம் என்றும், மும்மூன்று இலக்கங்களைப் பிரிக்க இரண்டையும் இடாது சிறு இடைவெளி விடலாம் என்றும் தீர்மானித்தது.

வகுத்தலை எழுதும் முறையும் பலவகைப்படும். 12)156(13 என்று ஈவை வலப்புறம் எழுதியவர்கள் நம் பெரியோர். ஈவை மேலே எழுதுவது மற்றொரு முறை. பிரான்சிலும் ருசியாவிலும் வகுக்கும் எண்ணை வலப்புறத்தில் எழுதி, அதன் கீழே ஈவை எழுதுவர். செருமானியர் 156 : 12 = 13 என்று ஒரே வரியில் முடிப்பர். வீட்டில் பாட்டனார் ஒரு முறையிலும் பள்ளியில் ஆசிரியர் ஒரு முறையிலும் கற்பிக்கும்போது, குழந்தை இரண்டும் வேறு வேறு கணக்குகள் என்று மயங்குகிறது. 1659ஆம் ஆண்டு ரான் என்பாரின் நூலில் வகுத்தற்குறியாக வந்த ÷ என்னும் குறி, டென்மார்க், நார்வே நாடுகளில் கழித்தலைக் குறிக்கவும் வழங்கியது. பன்னாட்டுத் தரமுறை இன்று அக்குறியைத் தவிர்க்கவே பரிந்துரைக்கிறது.

உயர்கல்வியில்

கல்லூரிக்கு வரும் மாணவர் எதிர்கொள்ளும் வேறுபாடுகள் இன்னும் நுண்ணியவை. பள்ளியில் மடக்கை அட்டவணை பயின்றவர்க்கு லாக் என்றால் பத்தை அடியாகக் கொண்டது. உயர்கணித நூல்கள் பலவற்றில் அதே சொல் இயல்மடக்கையைக் குறிக்கும். ருசிய நூல்களில் டான் என்னும் முக்கோணவியல் சார்பை டிஜி என்று எழுதுவர். ஐந்திலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வகைகளை எழுதும்போது நாம் ஐந்தை மேலேயும் இரண்டைக் கீழேயும் இடுகிறோம். ருசிய, பிரெஞ்சு மரபில் ஐந்து கீழே, இரண்டு மேலே. உண்மையான விடை 10. தலைகீழாகப் படித்தால் சுழியம். இயல் எண்கள் ஒன்றில் தொடங்கும் என்று நாம் கற்பிக்கிறோம். பிரான்சில் சுழியத்தில் தொடங்கும் என்று கற்பிக்கின்றனர். ஹால், நைட் இருவரும் 1887இல் வெளியிட்ட உயர் இயற்கணித நூலைப் பயின்ற பழைய மாணவர்க்குத் தொடர்பெருக்கத்தைக் குறிக்க எண்ணின் இடப்புறமும் கீழும் கோடிட்ட வடிவம் நினைவிருக்கும். இன்று அவ்விடத்தில் வியப்புக்குறி நிற்கிறது. நாட்டால் மட்டுமன்றிக் காலத்தாலும் குறிகள் மாறும் என்பதற்கு இது சான்று.

ஒரே மொழியினரிடையேயும் இவ்வேறுபாடு உண்டு. இயற்கணிதம் என்று நாம் கூறுவதை இலங்கைத் தமிழர் அட்சரகணிதம் என்பர். நம் வடிவியல் அவர்க்குக் கேத்திரகணிதம். நம் கணம் அவர்க்குத் தொடை. நம் அணி அவர்க்குத் தாயம். ஈழத்திலிருந்து தமிழகம் வந்து பயிலும் மாணவர் தமிழ்வழி வினாத்தாளைப் பார்த்துத் திகைத்தால், அவர் தமிழ் அறியாதவரும் அல்லர். கணிதம் அறியாதவரும் அல்லர்.

மாணவர்க்கு நேரும் விளைவு

இவற்றால் மாணவர்க்கு நேரும் இழப்பு மூவகைப்படும். முதலாவது கால இழப்பு. தேர்வறையில் குறியின் பொருளை உய்த்துணர்வதில் செலவாகும் நேரம் கணக்கைத் தீர்க்கும் நேரத்தைக் குறைக்கிறது. இரண்டாவது மதிப்பெண் இழப்பு. வேறு நாட்டு முறையில் சரியாக எழுதிய விடையும், ஆசிரியர் அம்முறையை அறியாராயின், பிழையென்று அடிக்கப்படலாம்.

மூன்றாவது இழப்பே பெரிது. அது தன்னம்பிக்கை இழப்பு. வளைகுடா நாட்டில் சில ஆண்டுகள் பயின்று ஊர் திரும்பும் குழந்தையும், கிராமத்துத் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து ஆங்கிலவழிக் கல்லூரிக்குள் நுழையும் மாணவரும், தமக்குக் கணக்கு வராது என்று தாமே தீர்மானித்து விடுகின்றனர். வராதது கணக்கன்று, அறிமுகமாகாத குறி மட்டுமே. இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல ஒருவர் இல்லாமையால், நல்ல கணிதவியலாராக வரக்கூடியவர் கணக்கை வெறுத்து ஒதுங்கிவிட நேர்கிறது. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிப் படியேறும் மாணவர்க்கு இதனை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை என்று கருதுகிறோம்.

செய்யத் தக்கன

இவ்விடர்களைக் களைய அரிய முயற்சிகள் எவையும் தேவையில்லை. முதலாவது, பாடத் தொடக்கத்தில் ஆசிரியர் தாம் வழங்கும் குறிகளின் பட்டியலைப் பொருளுடன் எழுதித் தருதல் வேண்டும். புதிய நூலைத் திறக்கும் மாணவரும் முதலில் அந்நூலின் குறி விளக்கப் பக்கத்தைப் படித்தல் வேண்டும்.

இரண்டாவது, எண்ணோடு அலகையும், ஐயத்திற்கிடமான இடத்தில் சொல்லையும் சேர்த்து எழுதப் பழக வேண்டும். வங்கிக் காசோலையில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுகிறோம் அல்லவா? அம்முன்னெச்சரிக்கை கணக்கேட்டிற்கும் பொருந்தும்.

மூன்றாவது, விடையின் அளவு பொருந்துகிறதா என்று மதிப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 1999ஆம் ஆண்டு செவ்வாய்க் கோளை நோக்கி அமெரிக்கா அனுப்பிய விண்கலம் ஒன்று அழிந்தது. ஒரு சாரார் ஆங்கில அளவையிலும், மறுசாரார் மெட்ரிக் அளவையிலும் கணக்கிட்டதே காரணம் என்று ஆய்வில் தெரியவந்தது. பெரிய அறிஞர்க்கே நேர்ந்த பிழை இது என்றால், மாணவர் நாணத் தேவையில்லை. விழிப்புடன் இருத்தலே தேவை.

நான்காவது, விடைத்தாள் திருத்துவோர் கருத்துப் பிழையையும் குறி வேறுபாட்டையும் பிரித்தறிதல் வேண்டும். அழைத்துக் கேட்டால் மாணவர் விளக்குவார். அவ்விளக்கத்தில் அவரது அறிவு வெளிப்படும்.

ஐந்தாவது, தமிழ்த்துறையும் கணிதத்துறையும் அரபுத்துறையும் இணைந்து, தமிழ் எண், அரபு எண், இன்றைய எண் ஆகியவற்றை ஒரே பலகையில் எழுதி வகுப்பறையில் தொங்கவிடலாம். நம்மைப் போன்ற கல்லூரிகளில் இம்மூன்று மொழியறிவும் ஒரு கூரையின் கீழ் இருப்பது பெரும் பேறு.

முடிவுரை

மயிலாடி கல்விக்கும் பழைய ஊர். 1806ஆம் ஆண்டில் அங்கு வந்த செருமானியச் சமயப் பணியாளர் ரிங்கல்தௌபே காலத்தில் தோன்றிய பள்ளியே பின்னர் நாகர்கோயிலுக்கு இடம்பெயர்ந்து பெருங்கல்லூரியாக வளர்ந்தது என்பது வரலாறு. அவ்வூர்ச் சிற்பியரின் மரபுக்கலையிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. சிற்ப நூல் மரபில் உத்தம தசதாளம் என்னும் அளவில் படிமத்தின் முழு உயரத்தை 124 கூறுகளாகப் பிரிப்பர். அதில் ஒரு கூறே அப்படிமத்திற்குரிய அங்குலம். படிமம் பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், சிறிதானால் சிறிதாகும். ஆகவே, எந்த அங்குலம் என்று தெளிந்த பின்னரே சிற்பி உளியை எடுக்கிறார்.

நம் மாணவரும் எண்ணைக் கண்டவுடன் கணக்கிடத் தொடங்காமல், இது யாருடைய குறி, எந்நாட்டு வழக்கு, எந்த அளவு என்று ஒருமுறை கேட்டுத் தெளிதல் வேண்டும். அவ்வாறு கேட்பதை அறியாமை என்று எவரும் எள்ளலாகாது. கேட்கும் மாணவரை ஊக்குவிப்பது ஆசிரியர் பணி. வேறு நாட்டிலிருந்து வந்த பிள்ளையின் கணக்கேட்டைப் பொறுமையுடன் படிப்பது பெற்றோரும் மூத்தோரும் ஆற்றவேண்டிய பணி. இதனை நாம் அனைவரும் மேற்கொள்வோமாயின், குறிகள் பலவாயினும் கணக்கு ஒன்றே என்னும் உண்மை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் உறுதியாக நிலைபெறும்.